மேஸ்திரிக்கு நடை பழக்கியது

அருள்நாதன் சிரித்த முகமாக இருக்கும் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். மகள் ஜென்சி சிறுமியாகச் சர்ச்சில் புதுநன்மை வாங்கிய படத்தில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தில், கழுத்து மாலையை எப்போது கழற்றலாம் என்று காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். கடைசியில் அவருடைய போனில்தான் ஒன்று கிடைத்தது. காவிரிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, பல் தெரிய, கண் சுருங்கச் சிரிக்கிறார். அவர் தோளில் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு நாய் நிற்கிறது. கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தவர் நாயை வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் நீல வானத்தைப் போட்டார். அவசரத்தில் ஒரு காது மட்டும் தோளோரம் வெள்ளையாக நின்றுவிட்டது. அடக்கத்துக்கு வந்தவர்கள் அதை ஏதோ பூ என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தை யார் எடுத்தது என்று அவர் மனைவி வியாகுலம்மாளுக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.

நாயின் பெயர் மேஸ்திரி. ராஜபாளையமும் தெருவும் கலந்த உயரமான வெள்ளை நாய். எப்போதும் முன்னால் போய், பின்னால் வருகிறவர்கள் ஒழுங்காக வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் என்பதால் அருள்நாதன் வைத்த பெயர். அவர் ஆயுளில் அடித்த ஒரே தமாஷ் அதுதான் என்று வியாகுலம்மாள் நினைத்திருந்தாள். வீட்டில் அவர் பேச்சு அளந்துதான் வரும். "சாப்பாடு ஆச்சா?" "மோட்டாரை நிறுத்து." "ஜென்சி பேசினாளா?" பள்ளிக்கூட நூலகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவளுக்குச் சத்தமில்லாமல் இருப்பது புதிதில்லை. குடிக்காத மனுஷன், சீட்டாடாத மனுஷன். பேசாததையும் அந்த வரிசையில் சேர்த்து ஒரு நல்ல குணமாகவே வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் நாயைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். மேலச்சிந்தாமணியிலிருந்து பாலமேறி, ஆற்றைக் கடந்து, ஸ்ரீரங்கத்துக் கரையில் மாம்பழச் சாலை வரைக்கும் போய்விட்டு வெயில் ஏறும்போது திரும்புவார். டாக்டர் அவளை நடக்கச் சொன்னபோது ஒருமுறை கேட்டாள்.

"ஏங்க, நானும் கூட வரட்டுமா?"

"இவன் இழுக்கிற இழுப்புக்கு நீ எங்க வர்றது? விழுந்து வைப்ப."

நியாயமாகத்தான் பட்டது. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நாய் அவரைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போவதை அவளே பார்த்திருக்கிறாள். அவள் மொட்டை மாடியில் நடந்தாள், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தவர் தண்ணீர் கேட்கக் கையைத் தூக்கினார். கை இறங்கியபோது அவர் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை மேஸ்திரி தன் வாரை வாயில் கவ்விக்கொண்டு கதவருகே நின்றது. வியாகுலம்மாளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாரைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். அது இழுத்தது, இவள் ஓடினாள். பாலத்தின் பாதி வரை போய் மூச்சு வாங்கத் திரும்பினாள். அவர் போன வழியில் போகிறோம் என்ற நினைப்பு நெஞ்சுக்கு இதமாக இருந்தது. அவர் மிச்சம் வைத்துப் போனது இந்த நாய்தான் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாலத்து நடைபாதையில் அது இழுத்த இழுப்பில் முகங்குப்புற விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பண்டிகைக்கு ஓசூரிலிருந்து வந்த ஜென்சி, கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"போதும்மா. இதை மருங்காபுரிக்கு அனுப்பிடலாம். எங்க மாமனார் கடலைக்காட்டுக்குக் காவல் நாய் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"காட்டுல கட்டிப் போடுவாங்கடி."

"கட்டித்தான் போடுவாங்க. வேற என்ன, கட்டில் போட்டுத் தூங்க வைப்பாங்களா? அடுத்த தடவை இடுப்பு உடைஞ்சா யாரும்மா பார்க்கிறது? நானா லீவு போட்டுட்டு வர முடியும்?"

"இழுக்காம நடக்கப் பழக்கிடறேன்."

"நீயா? அப்பாவாலயே முடியல."

"ஈஸ்டர் வரைக்கும் பொறுடி. அதுக்கு மேலயும் இழுத்தா நீயே கூட்டிட்டுப் போ."

ஜென்சிக்கு அம்மா முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. போகும்போது போனில் நாய் பழக்கும் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அதில் சொன்னது ரொம்பச் சுலபம். நாய் இழுத்தால் நின்றுவிட வேண்டும். திட்டக் கூடாது, வெடுக்கென்று பின்னால் இழுக்கவும் கூடாது. வார் தொய்ந்தால் மட்டும் நடக்க வேண்டும். பக்கத்தில் ஒட்டி நடந்தால் வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுக்க வேண்டும். இழுத்தால் ஓர் அடிகூட நகராது என்று அதன் மண்டையில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்ததும் ஆரம்பித்தாள். தவக்காலம் வந்தது. தனக்குக் கறியில்லை. நாய்க்கு மட்டும் கோழி ஈரலை வேகவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, டப்பாவில் எடுத்துக்கொண்டாள். ஈரல் வாசம் அடுப்படியில் நாள் முழுக்க நின்றது. தெருவில் அவள் எடுத்து வைத்த அடிகளைவிட நின்ற நேரம்தான் அதிகம். மேஸ்திரி இழுக்கும். இவள் விளக்குக் கம்பம் மாதிரி நிற்பாள். அது திரும்பிப் பார்க்கும், முனகும், மறுபடி இழுக்கும்.

தெருமுனை ஆட்டோக்காரர் ஜெபராஜுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"என்னம்மா, பெட்ரோல் தீர்ந்து போச்சா?"

"நாய்க்கு நடை பழக்கறேன்ப்பா."

"நாயில்ல உங்களுக்கு நிக்கப் பழக்குது!"

அவளுக்கே சிரிப்பு வந்தது. அருள்நாதன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மெல்ல மெல்ல நாயும் பழகியது. தெருவுக்குள் வார் தொய்ந்தது. பிறகு ஓடத்துறைச் சாலையில் தொய்ந்தது. பிறகு பாலத்திலும். பக்கத்தில் புதுப் பாலத்துக்கு எழும்பிக்கொண்டிருந்த தூண்களைப் பார்த்தபடி அவளால் நடக்க முடிந்தது. ஆனால் பாலம் முடிந்து மாம்பழச் சாலைக்கு இறங்குகிற இடம் வந்தால் மட்டும் கற்றதெல்லாம் அதற்கு மறந்துபோகும். கழுத்து நெரிபட இழுக்கும். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட, ஒருநாள் போகிற போக்கில் விட்டாள்.

ஒரு டீக்கடையில் போய் நின்றது. கடைக்காரப் பெண் கையிலிருந்த வடிகட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மேஸ்திரி! டேய், வந்துட்டியாடா! ஏம்மா, நீங்க அருள் சார் வீட்டம்மாவா? உட்காருங்க, உட்காருங்க. நான் ராசாத்தி. சாரு சொல்லியிருப்பாரே?"

சொன்னதில்லை. வியாகுலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே நெற்றியில் நாமமும் கையில் டீ டம்ளருமாக இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"ஸ்ரீரங்கராஜன்மா. பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவன். இந்த பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்து அவரும் நானும் இதுக்கு வாடகையே பாக்கி. அந்த பேனர்ல போட்டிருந்தீங்களே, அந்தப் படம் நான் எடுத்தது. பாவம், நாயை வெட்டிட்டீங்க."

"அப்படி என்னத்துக்குச் சிரிச்சாரு?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அது ஒரு மனைவி கேட்கிற கேள்வியில்லை என்று பட்டது.

"என்னத்துக்குன்னா? அவர் எதுக்குத்தான் சிரிக்கலை! என்னை மாதிரியே பேசிக் காட்டுவார். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன், உங்க பங்குச் சாமியார், ஒருத்தரை விட்டு வைக்க மாட்டார். நடுவுல பாட்டு வேற."

"பாட்டா?"

"ஏம்மா, வீட்டுல பாட மாட்டாரா?"

ராசாத்தியும் பெரியவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாடுவாரு," என்றாள். "எப்பவாவது."

மேஸ்திரி கடைக் கண்ணாடி அலமாரியை நோக்கி இழுத்தது. ராசாத்தி ஒரு பன்னை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குடுக்காதம்மா. இழுக்கிற பழக்கத்தை நிறுத்தப் பார்க்கிறேன். இழுத்தா கிடைக்கும்னு நினைச்சுக்கும்."

ராசாத்தி குலுங்கிச் சிரித்தாள்.

"நிறுத்தவா? சாரே கத்துக் குடுத்ததும்மா அது! குட்டியில காலோட ஒட்டிக்கிட்டு அவ்வளவு அழகா நடக்கும். சாருதான் இழுத்தா துண்டு பன்னு, நல்லா இழுத்தா முழு பன்னுன்னு குடுத்துக் குடுத்துப் பழக்கினாரு."

"எதுக்கு?"

"ராசாத்தி, பால் பொங்கறது பாரு," என்றார் ஸ்ரீரங்கராஜன். பால் பொங்கவில்லை. ராசாத்தி நிறுத்தவும் இல்லை.

"நானும் அதையேதான்மா கேட்டேன். ஊர்ல எல்லாரும் இழுக்காதேம்பாங்க, நீங்க என்ன சார்னு. 'என்னைக்காவது வீட்டுல கூட வரேம்பாங்க ராசாத்தி. இவன் நல்லா இழுத்தான்னா வர மாட்டாங்க. இந்தக் கொஞ்ச நேரமாவது நான் நிம்மதியா இருந்துக்கிறேன்'னாரு. தமாசுக்குத்தான்! எதையும் தமாசாத்தானே சொல்லுவாரு!"

"விளையாட்டுக்குச் சொன்னதும்மா அது," என்றார் பெரியவர், டம்ளருக்குள் பார்த்தபடி.

"ஆமா," என்றாள் வியாகுலம்மாள். "விளையாட்டாத்தான் சொல்லியிருப்பாரு." டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும்போது பாலத்தில் அந்தப் படம் எடுத்த இடம் எதுவென்று அவளுக்குத் தெரிந்தது. நிற்கவில்லை. அன்று முழுவதும் யோசித்தாள். அவரை அப்படி என்ன செய்துவிட்டோம்? கத்தியிருக்கிறோமா, குத்திக் காட்டியிருக்கிறோமா? ஒரு பெரிய சண்டையாவது ஞாபகத்துக்கு வந்தால் தேவலை போலிருந்தது. சண்டை இருந்தால் அதில் தன் பங்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். எதுவும் வரவில்லை. சாப்பாடு, மோட்டார், ஜென்சி. அவ்வளவுதான் வந்தது. செத்தவரை எழுப்பிக் கேட்க முடியாது. பேனரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட படம் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை அது என்று இப்போது தெரிந்துவிட்டது.

நாயை மருங்காபுரிக்கு அனுப்பிவிட்டால் என்ன என்றுகூட ஒருகணம் தோன்றியது. மறுநாள் விடிந்ததும் ஈரல் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அதற்குப் பிறகு அவள் பழக்கியது வேறு மாதிரி. முன்பு நாய் தன்னோடு இருக்க வேண்டுமென்று பழக்கினாள். இப்போது அவர் கற்றுக்கொடுத்ததில் ஒரு துளி அதன் உடம்பில் மிஞ்சக் கூடாது என்று பழக்கினாள். தினமும் நேரே டீக்கடைக்குத்தான் கூட்டிப் போனாள். அது இழுத்ததும் நின்றாள். திரும்பிப் பாலத்துக்கு நடந்தாள். மறுபடி வந்தாள்.

"ஒரு துண்டுதானேம்மா," என்று ராசாத்தி கெஞ்சினாள். "சார் ஆசையா வளர்த்தது."

"தெரியும். குடுக்காத."

"வாயில்லா ஜீவன்மா அது," என்று பெரியவர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"வாய் இருந்தவங்க என்னத்தைச் சொல்லிட்டாங்க சார்," என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவளைக் கண்டால் பெரியவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ராசாத்தியும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். அவள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு டம்ளர் கழுவினாள். வியாகுலம்மாளுக்கு அது நன்றாகவே புரிந்தது. கணவரோடு சேர்ந்து சிரித்தவர்கள் ஊரில் இந்த இரண்டு பேர்தான். அவர்களையும் அவளே விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மேஸ்திரி டீக்கடையைத் தாண்டி நடந்தது. வார் தொய்ந்து ஆடியது. மனசு கேட்காமல் ராசாத்தி, "மேஸ்திரி" என்று மெதுவாகச் சொன்னாள். நாயின் ஒரு காது மட்டும் அசைந்தது. தலை திரும்பவில்லை. அது வியாகுலம்மாளை அண்ணாந்து பார்த்தது, ஈரலுக்காக. கொடுத்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவரிடம் அவள் ஜெயித்தது இது ஒன்றுதான். சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் ஜென்சி நாயைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்வந்தாள். இரண்டு விரலில் வாரைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, நம்பவே முடியல! பச்சப்புள்ளகூடப் பிடிச்சுட்டுப் போகலாம். ஆறு வருஷமா அப்பாவால முடியலையே!"

"உங்கப்பாவுக்கு அது தேவைப்படல."

"பாவம் அப்பா. இது இப்படி நடந்திருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிருப்பாரு. ரெண்டு பேருமா எவ்வளவு ஆசையா நடந்திருப்பீங்க, இல்லம்மா?"

வியாகுலம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் சாயல் அப்படியே இருந்தது.

"ஆமாடி," என்றாள். "கையைக் கழுவிட்டு வா, பிரியாணி ஆறுது."

ஜென்சி அப்போதே மருங்காபுரிக்குப் போன் போட்டு, வேறு நாய் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

அதற்கடுத்த காலை வழக்கம்போல வியாகுலம்மாள் நாயோடு இறங்கினாள். தெருமுனைக்கு வந்தார்கள். ஒரு பக்கம் பாலத்துக்குப் போகிற வழி, இன்னொரு பக்கம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு. முன்பெல்லாம் இந்த இடத்தில் யோசிக்கவே வேண்டியதில்லை. நாய்க்குப் போக ஓர் இடம் இருந்தது, இழுத்துக்கொண்டு போகும். இப்போது அது அவள் காலருகே ஒட்டி உட்கார்ந்து, எந்தப் பக்கம் என்று அவளை அண்ணாந்து பார்த்தது.

ஜெபராஜ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் பழக்கி முடியலையா?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

அவள் பாலத்துப் பக்கம் பார்த்தாள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தாள். வார் தொய்ந்து தரையில் கிடந்தது.