தராசு தள்ளி வைத்த புள்ளி

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். சிபாரிசு என்று யார் வந்து நின்றாலும் மசியமாட்டாள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமைதான் கடைசியில் குழி பறித்தது.

வட்டாரத்து நிலத்தில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கும் சர்வேக்குத் திட்டம் போட்டவள் அவள்தான். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு புள்ளி. புள்ளி எங்கே விழவேண்டும் என்பதில் மனிதர்கள் கைவைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குகிற மாதிரி குலுக்கிப் போடும். விழுந்த இடத்தில் துளை போட்டு மண்ணை எடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண் சொல்வதுதான் கட்டம் முழுவதற்கும் தீர்ப்பு. உப்பு இருந்தால் அதைக் கழுவி வெளியேற்ற வடிகால் வெட்டுவார்கள், இல்லையென்றால் கிடையாது.

ஒரு கட்டத்தில் புள்ளி நேரே போய் அவள் அண்ணனின் பள்ளத்து வயலில் விழுந்தது. நாலு பேர் என்ன பேசுவார்கள்? தராசு அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டது என்பார்கள். பக்கத்து மேசைக்காரர் இதற்கென்றே காத்திருக்கிற ஆள். அந்தக் கட்டத்துக்கு மட்டும் மறுபடி குலுக்கினாள். இந்தத் தடவை மேட்டு நிலத்தில் விழுந்தது. அப்பாடா என்று டீ குடிக்கப் போனாள். புத்தி எங்கே போயிற்றோ!

மேட்டு மண்ணில் உப்பு இல்லை. வடிகால் அண்ணன் வயலைத் தொடாமலே நின்றுவிட்டது.

உப்பேறிப் பயிர் போகத்துக்குப் போகம் கருகிய பிறகு, ஒரு மத்தியானம் அண்ணன் அவள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நிலத்த விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கேம்மா. டவுன்ல ஒரு குடோனுக்குக் காவலுக்கு ஆள் வேணுமாம். அண்ணியும் சரின்னுட்டா."

அவள் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த சர்வே வருதாமே. நம்ம வயல்ல ஒரு துளை போட்டுப் பாக்க முடியுமா? சலுகை கேக்கல. பாத்தாலே தெரிஞ்சிடும்."

"முடியாதுண்ணா. போன தடவ அளந்த அதே இடத்துலதான் அளக்கணும். இடத்த மாத்தினா, மண்ணு மாறிச்சா இல்ல இடம் மாறினதாலயான்னு தெரியாம போயிடும்."

இந்த விதியும் அவள் போட்டதுதான். சரியான விதியும்கூட. அதுதான் கொடுமை.

அண்ணன் தலையை ஆட்டினார். "சரி விடு. சீட்டு நம்ம வயல்ல விழல. நம்ம தலையெழுத்து. உன்னச் சொல்லி என்ன?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் வாயால் ஆறுதல் கேட்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"விழுந்துச்சுண்ணா. முதல்ல நம்ம வயல்லதான் விழுந்துச்சு. அண்ணனுக்காகப் போட்டாள்னு பேசுவாங்கன்னு நான்தான் மாத்திட்டேன்."

அண்ணன் மேசைமேல் இருந்த தம்ளரை எடுத்தார். குடிக்காமலே வைத்தார்.

"அப்போ, நான் உனக்கு யாரோவா இருந்திருந்தா எனக்கு வடிகால் வந்திருக்கும்."

"ஆமாண்ணா."

"அண்ணிகிட்ட இதச் சொல்லாத. தலையெழுத்துன்னே இருக்கட்டும்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

பக்கத்து மேசைக்காரர் தலையை நீட்டினார். "யாருங்க அது?"

"என் அண்ணன்."

"அப்படியா? உங்களுக்கு அண்ணன் இருக்கார்னே எங்களுக்கெல்லாம் தெரியாதே" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.