ராட்சசி விழுங்கிய கிரகம்

அரங்கத்தில் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கிவிட்டன. மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

இன்றைய பேச்சு எடுபட்டால் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை நிரந்தரம். சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கண்டுபிடிப்பு லேசுப்பட்டதில்லை. வயதாகி ஊதிப் பெருத்த ஒரு ராட்சச நட்சத்திரம். அந்த வயதில் அது ஆடி அசைந்துதான் சுழல வேண்டும். அதிலிருந்த லித்தியம் என்ற தனிமமும் வெந்து தீர்ந்திருக்க வேண்டும். இதுவோ பம்பரமாய்ச் சுழன்றது, லித்தியத்தையும் மடி நிறைய வைத்திருந்தது. ஆக, தன்னைச் சுற்றி வந்த கிரகம் ஒன்றை முழுசாக விழுங்கி, அதன் வேகத்தையும் லித்தியத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறது!

பக்கத்து மேசைக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். நிலையத்தில் அவனுக்கு 'குடைச்சல்' என்றே பெயர்.

“பயமா இருக்கா?”

“நீ போனா சரியாயிடும்.”

“போறேன் தாயே. ஆனா ஒண்ணு. நீ படமெடுத்த அதே ராத்திரி நான் எடுத்த ராட்சசியும் கிறுகிறுன்னு சுத்துறா. உன்னோடவ சாப்பிட்ட பந்தியில இவளும் குந்திட்டாளோ?”

சிரித்தபடி போய்விட்டான். அவளுக்குச் சுருக்கென்றது.

ஒரே இரவில் இரண்டு பம்பரங்களா?

நட்சத்திரம் வேகமாய்ச் சுழன்றால் அதன் ஒளியைப் பிரித்துக் கிடைக்கும் வண்ணப்பட்டையின் கருங்கோடுகள் அகலமாகும். அதை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிட்டிருந்தாள். ஆனால், ஒளியைப் பிரிக்கும் கருவி மங்கலாய்ப் பார்த்தாலும் கோடுகள் அகலம்தானே? அதைச் சோதிக்கவே இரவுதோறும் ஒரு விளக்கைப் படமெடுப்பார்கள். விளக்கு சுழலாது, அதன் கோடுகள் ஊசி போலிருக்க வேண்டும். அவசரத்தில் அவள் முந்தைய இரவின் விளக்குப் படத்தையே கணக்கில் எடுத்துப் போட்டிருந்தாள்.

மடிக்கணினியைத் திறந்து சரியான இரவின் படத்தைத் தேடி எடுத்தாள்.

ஊசி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் உலக்கை!

லித்தியமும் பொய்யா? விரல்கள் பறந்தன. இல்லை. லித்தியத்தின் அளவைச் சொல்வது அதன் கோடு விழுங்கிய மொத்த ஒளி; கோடு எவ்வளவு பரவினாலும் அது மாறாது. லித்தியம் அப்படியே இருந்தது.

“உன்னைக் கூப்பிடறாங்க,” என்று வந்த குடைச்சல் திகைத்தான். “என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?”

“உன் ராட்சசியும் சுத்தல, என்னோடவளும் சுத்தல. கருவிதான் மங்கல்.”

“ஐயையோ! மூச்சு விடாதே. வேலை கிடைக்கட்டும், அப்புறம் மெதுவா திருத்திக்கலாம்.”

“நீ விளையாட்டாக் குடைஞ்சதுக்கே சாயம் வெளுத்துடுச்சு. நாளைக்கு இன்னொருத்தன் குடைய மாட்டானா?”

மேடையேறினாள். பின்னால் திரையில் ‘ராட்சசி விழுங்கிய கிரகம்’ என்ற தலைப்பு பெரிதாய் மின்னியது.

“இந்தத் தலைப்பு தப்பு,” என்றாள். “இவ்வளவு லித்தியத்தோட இந்த நட்சத்திரம் வேகமாச் சுத்துதுன்னு கணக்குப் போட்டேன். அந்த வேகம் கருவியோட கோளாறு. அதனால கிரகத்தை விழுங்குச்சுன்னு சொல்ல முடியாது. விளக்குப் படத்தை மாத்திப் போட்டது என் தப்பு. லித்தியம் நிஜம். எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

முன்வரிசையில் நிலையத் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டார். “தெரியாதுன்னு சொல்லவா இத்தனை பேரைக் கூட்டினே?”

“ஆமா சார். தொலைநோக்கியை இன்னொரு தடவை குடுத்தா தெரிஞ்சுக்குவேன்.”

அவர் கட்டிய கைகளைப் பிரித்தார். “வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அந்தக் கருவியைச் சரிபண்ணு. இன்னிக்கு ராத்திரி வானம் தெளிவாம், தொலைநோக்கியை எடுத்துக்கோ.”

ஜன்னலில் வெயில் இன்னும் கொளுத்தியது. இருட்டும்வரை அவளுக்கு எங்கே இருப்புக் கொள்ளப்போகிறது!