சாரல் நாள் கைநாட்டு

சாரல் விழுந்த மூன்றாம் நாள், தென்காசி அரிசி ஆலை முதலாளி தன்னிடம் வேலை பார்த்த பதினான்கு பெண்களையும் லாரியில் ஏற்றிக் குற்றாலத்துக்கு அனுப்பினார். எண்ணெய்க் குளியல், மதியச் சாப்பாடு, எல்லாம் அவர் செலவு. கூடப் போன கணக்குப்பிள்ளை காந்திமதிநாதனின் பையில் பதினான்கு தாள்கள் இருந்தன.

"அண்ணாச்சி, மொதலாளிக்கு என்ன ஆச்சு? மேலுக்குச் சொகமில்லையா?" என்று தங்கத்தாய் கேட்டாள். லாரியே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார்.

பெண்கள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தாள்களை எடுத்தார்.

"சேலை குடுக்கதுக்கு. ஆளுக்கொரு கைநாட்டு."

முதலாளி சொல்லிக்கொடுத்த வார்த்தை. தங்கத்தாயின் பெருவிரலில் எண்ணெய் வழிந்தது, மை ஒட்டவில்லை. தன் தோள்துண்டால் அந்த விரலைத் துடைத்துவிட்டார்.

"எங்க அய்யாகூட இப்படித் துடைச்சுவிட்டதில்ல" என்றாள் அவள்.

தாளில் காந்திமதிநாதனே எழுதியிருந்தார்: என் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்.

மறுநாள் ஆலை பூட்டிக் கிடந்தது. மழையில் களத்தில் நெல் காயாது. ஆனாலும் மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். முதலாளிக்கு அதுதான் உறுத்தியது. இனிமேல் வருகிறவர்களுக்குத் தினக்கூலி. வெயிலடித்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

பெண்கள் ஆள்வைத்து மனு எழுதிப் போட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து லேபர் ஆபீசர் வந்தார்.

"அவுகளக் கேளுங்கய்யா," தங்கத்தாய் காந்திமதிநாதனைக் காட்டினாள். "பதினோரு வருசமா பாக்கேன். பொய் சொல்ல மாட்டாக."

"இவங்க தானா விலகினாங்களா?" என்று ஆபீசர் அவரைக் கேட்டார்.

ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. முதலாளி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். காந்திமதிநாதன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை என்று பின்னாளில் தனக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். உண்மைதான், அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆபீசர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, தாள்களில் இருந்ததையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் தெளிந்த அன்று ஆலை திறந்தது. பதிவேடு புதியது. வீட்டில் உலை வைக்க வேண்டுமே, பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"பேரு?" தலை நிமிராமல் கேட்டார்.

"தங்கத்தாய்."

அடுத்த கட்டம், முன்பு வேலை பார்த்த இடம். பேனா அங்கேயே நின்றது. இதே ஆலை, பதினோரு வருடம் என்று மட்டும் எழுதினால் போதும். முதலாளி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கயும் இல்லய்யா," என்றாள் அவள். "புதுசுன்னு போடுங்க."

அண்ணாச்சி போய் ஐயா வந்திருந்தது. அவர் 'புதிது' என்று எழுதினார்.

பிறகு மைப்பெட்டியைத் தள்ளினார். அவர் கை தன்னையறியாமல் தோள்துண்டுக்குப் போனது. அதற்குள் தங்கத்தாய் தன் முந்தானையில் பெருவிரலை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.