அஞ்சு செகண்டு ஆடாதே

கும்மிடிப்பூண்டி ரோட்டில் சின்னதுரை முதலாளியின் போல்ட் கம்பெனியில், கணக்கெழுதுகிறவளைத் தவிர, பெண்கள் யாரும் வேலை செய்யவில்லை. ரெஜிஸ்டர் அப்படித்தான் சொன்னது. கொட்டகையின் கடைசியில் உட்கார்ந்து போல்ட்டுக்குப் பிசிறு தேய்த்த எட்டுப் பெண்களுக்கும் படிக்கத் தெரியாது. தாங்கள் இல்லாதவர்கள் என்பது தெரியாமலே நாலு வருஷமாகத் தேய்த்தார்கள்.

அந்த ரெஜிஸ்டரை எழுதுகிறவள் கனகாம்பாள். பி.எஸ்ஸி. பௌதிகம், அவள் குடும்பத்தில் முதல் பட்டம். எழுதிய கை கூசவே லேபர் ஆபீசருக்கு மனுப் போட்டாள். வருகிறேன் என்று அவர் முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு வந்தார். அன்றைக்கு எட்டுப் பேரும் சவுக்குத் தோப்பில் உட்காரவைக்கப்பட்டார்கள். "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த மார்கழியில் முதலாளிக்குக் காலண்டர் ஆசை வந்தது. ஊத்துக்கோட்டை ஸ்டூடியோ ஆதிகேசவன் கேமராவோடு வந்தார். கூரைக் கண்ணாடியில் பத்து வருஷக் கரி. பட்டப்பகலிலேயே கொட்டகை இருட்டு. பளிச்சென்று ஃபிளாஷ் பல்பு வெடித்தால் முதலாளி கண்ணை மூடிக்கொள்வார், ஆகவே அதுவும் கூடாது.

"லென்ஸை மூணரைல அகலமாத் தொறந்து அரை செகண்டு வெச்சாப் போதுங்க. உங்க மூஞ்சி ஜம்முனு வரும். பின்னால எல்லாம் மங்கிடும்."

"பின்னால இன்னா கீது? மங்கட்டும். ஆனா படத்துக்காக ஒரு கையும் நிக்கக் கூடாது!"

எட்டுப் பேரைத் தோப்புக்கு அனுப்பாத காரணம் அவ்வளவுதான். அனுப்பினால் அரை மணி வேலை போகுமே.

முதலாளி சந்தனம் இட்டுக்கொள்ளப் போன நேரத்தில் கனகாம்பாள் ஆதிகேசவனிடம் வந்தாள். "அண்ணே, மூஞ்சி மட்டும் விழுந்தா கம்பெனி காலண்டர்னு எவன் நம்புவான்? லென்ஸைப் பதினொண்ணுக்குச் சுருக்குங்க. ஓட்டை சின்னதானா கடைசிச் சுவர் வரைக்கும் தெளிவா விழும்."

"வெளிச்சம் பத்தாதேம்மா. அஞ்சு செகண்டு தொறந்து வெக்கணும். அதுவரைக்கும் ஆடாம எவன் நிப்பான்?"

"முதலாளி நிப்பார். நிக்கிறதுதானே அவர் வேலை."

ஆதிகேசவன் சிரித்துக்கொண்டே ஸ்டாண்டின் திருகை இறுக்கினார். கனகாம்பாள் நேராகக் கொட்டகையின் கடைசிக்குப் போனாள்.

"அக்கா, போட்டோக்காரர் ஒண்ணுன்னு எண்ணினதும் அரத்தைக் கையில புடிச்சபடி கேமராவைப் பாருங்க. அஞ்சு வரைக்கும் ஆடாதீங்க."

"மேஸ்திரி பாத்தான்னா தோலை உரிச்சிடுவான்" என்றாள் கங்கம்மா.

"அஞ்சு செகண்டுல எவ்ளோ தோல்க்கா உரியும்?"

ஆதிகேசவன் எண்ணத் தொடங்கினார். கேமராவில் விழுந்தாக வேண்டுமென்று மேஸ்திரி துலுக்காணம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்திக்கொண்டு ஓடினான்.

படம் வந்தது. நடுவில் முதலாளி, முகபடாம் போட்ட யானை மாதிரி. லேத் ஓட்டியவர்களுக்குக் கை இருக்க வேண்டிய இடத்தில் புகை. அஞ்சு செகண்டும் ஓடிக்கொண்டே இருந்த மேஸ்திரியின் சுவடே இல்லை. கடைசிச் சுவரோரம் எட்டு முகங்கள்; மூக்குத்தி முதல் அரம் வரை அத்தனை தெளிவு.

"நான் எங்கங்க?" என்றான் துலுக்காணம், அழாக்குறையாக.

"ஓடி ஒழைக்கிறவன் படத்துல வுழ மாட்டான்டா" என்றார் முதலாளி. தன் முகத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை. ஐந்நூறு அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார். மரியாதைக்கு லேபர் ஆபீசுக்கும் ஒன்று.

பொங்கல் கழிந்து ஆபீசர் கடிதம் போடாமல் வந்தார், அக்குளில் காலண்டரோடு. கொட்டகைக்குள் நின்று அதை விரித்தார்.

"இவங்க யாரு?"

முதலாளி அப்போதுதான் படத்தில் தனக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். "அது... சொந்தக்காரங்க சார். சும்மா கம்பெனி பாக்க வந்தாங்க."

"அரத்தோடயா?"

கடைசியிலிருந்து கங்கம்மா எழுந்து வந்தாள். "இன்னா நைனா, நாங்க சொந்தமா? சொல்லவே இல்லியே! அப்ப பாகத்தைப் பிரிச்சுக் குடு. எட்டுப் பேரு கீறோம்."

லேத்துக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

"பேரைச் சொல்லும்மா."

"கங்கம்மா. நாலு வருசம்னு சேத்து எழுதிக்க சார்."