மூன்றாம் பாதையில் நிற்கும் சன்னம்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரத்துக் கைத்துப்பாக்கிச் சங்கமொன்றில், மூன்றாம் சுடுபாதையில், சுடுபவர் நிற்கும் வெள்ளைக் கோட்டிலிருந்து பதினொரு மீற்றர் தள்ளி, தரையிலிருந்து ஒரு மீற்றர் நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில், துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட ஓர் ஈயச் சன்னம் 2009ஆம் ஆண்டு மே மாதம் பதினாறாம் திகதி சனிக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணி தொடக்கம் அந்தரத்தில் நின்று துடித்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தடவை துடிக்கிறது. எஸ்பியர்க் நகரத்தில் எண்பது என்கிறார்கள், அது பிழை. ஓகூஸில் வெளிவந்த ஒரு சங்க மலரில் பத்து மீற்றர் என்று அச்சாகியிருக்கிறது. அதை எழுதியவர் அங்கே காலடி வைத்தவரே அல்லர். அளந்தவர்கள் உயிரோடு இருக்கையில் அளக்காதவர்களின் பேச்சு அச்சேறுவது நியாயமன்று. ஆகையால் நடந்தது நடந்த வரிசையிலேயே இங்கே எழுதப்படுகிறது.

செபஸ்தியாம்பிள்ளை 1987ஆம் ஆண்டு மட்டக்களப்பிலிருந்து வந்தவர். நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு உறுப்புகள் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே உடன் வேலை செய்த பிரேபன் என்ற டெனிஷ்காரர் அவரைச் சங்கத்துக்கு அழைத்துச் சென்றார். இரண்டு ஆண்டுகள் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் சங்கத்துத் துப்பாக்கியால் சுட்டுப் பழகிய பின்பு, காவல்துறையின் அனுமதி கிடைத்தது. முப்பத்தெட்டு ரக றிவோல்வர் ஒன்றை வாங்கி, சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டகத்தில் வைத்தார். அவருடைய மனைவி றோசலின் பெட்டகத்தின் மேல் மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து வைத்தார். "துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்த மனிசன், தேடிப்போய்த் துவக்கு வாங்கியிரிக்காரு. மாதா மேல இருந்து பாத்துக்கொள்ளட்டும்" என்பது அவருடைய கட்டளை. தாம் கண்ட துப்பாக்கிகளுள் கடதாசியை மட்டும் துளைக்கும் துப்பாக்கி இது ஒன்றே என்றும், அதற்காகவே தாம் இந்த நாட்டுக்கு நன்றியுள்ளவர் என்றும் செபஸ்தியாம்பிள்ளை சொல்வதுண்டு. சில ஆண்டுகளில், முதியோர் இல்லமொன்றில் வேலை செய்த யாழ்ப்பாணத்துச் சபாரத்தினமும் சங்கத்தில் சேர்ந்தார்.

கடையில் வாங்கும் துப்பாக்கி ரவை அச்சங்கத்தில் எவருக்கும் பிடிப்பதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, கழுவி, வாய் நிமிர்த்தி, அடியில் தீப்பொறி தரும் புதிய தொப்பி அழுத்தி, வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயச் சன்னத்தை இருத்தித் தாமே ரவை செய்துகொள்வார்கள். அதற்கென்று சங்கத்தின் பின்னறையில் ஒரு நீண்ட மேசையும் கைநெம்பு வைத்த ஓர் இயந்திரமும் இருந்தன. மேசைக்கு மேலே பிரேபன் ஒரு விதியை எழுதி ஒட்டியிருந்தார்: மருந்து அளக்கையில் பேசக்கூடாது. பேச்சில் எண்ணிக்கை தவறினால் ஒரே கோதில் இருமுறை மருந்து விழும். விழுந்தால் சுடும்போது துப்பாக்கியின் உருளை பிளக்கும். பிளந்தால் விரல்கள் போகும். டெனிஷ்காரர் வாய் மூடி வேலை செய்து, பின்பு கோப்பி குடிக்கையில் பேசுவர். நம்மவர்க்கோ கை ஓடத் தொடங்கினாலேயே வாயும் ஓடும். அது குறைதான், மறைப்பதற்கில்லை.

"அண்ணை, உந்தக் கோதுகள் ஆறாந்தரமும் தாங்குமோ?" என்று சபாரத்தினம் தொடங்குவார்.

"வாய் வெடிச்சத எறி. மத்ததெல்லாம் தாங்கும்."

"தவமலரின்ரை முழங்கால்தான் தாங்குதில்லை. மூண்டாம் மாடிக்கு இருந்து இருந்து ஏறுறாள். நேற்றுக் கேட்கிறாள், துவக்குக்கு எண்ணெய் போடுறியள், பெண்டாட்டியின்ரை மூட்டுக்குப் போட ஒருதருமில்லையோ எண்டு."

"மருந்தளக்கக்குள்ள கதைக்காத எண்டு எத்தின தரம் சொல்ற?"

"கதைக்காமல் இருந்தால் எனக்குக் கை நடுங்கும், அண்ணை. அது இன்னும் ஆபத்து."

2008ஆம் ஆண்டு நவம்பரில் சபாரத்தினம் இவ்வாறு தவமலரின் முழங்காலைப் பற்றிப் பேசிப் பேசி ஐம்பது ரவைகள் செய்து, அவ்வளவையும் அன்றே சுட்டார். இலக்குக் கடதாசியின் துளைகளிலிருந்து மூட்டுவலித் தைலம் மணத்தது. அன்று பிற்பகல் தவமலர் இரண்டு கைகளிலும் சாமான் பைகளோடு மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறினார். மருந்தோடு சேர்ந்து கோதுக்குள் விழுந்த நோய், சன்னத்தோடு வெளியேறி, சுடுபாதையின் முடிவிலுள்ள மணல் மேட்டுக்குள் புதைந்துபோனதாக அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். பிரேபன் தம் மனைவி இங்கரின் இடுப்பு வலியைத் தயங்கித் தயங்கி முப்பது ரவைகளுக்குள் சொல்லி முடித்தார். மறுநாள் இங்கர் தமது கைத்தடியைத் தேவாலயத்தில் மறந்துவிட்டு வந்தார். இன்றுவரை அதை எடுக்கப் போகவில்லை. சங்கத்தின் செயற்குழு கூடி, கூரைக்கு வர்ணம் பூசுவதற்கும் கோப்பி இயந்திரம் பழுதானதற்கும் இடையில் இந்த விடயத்தை ஆராய்ந்தது. விதியை நீக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: நோயைப் பற்றியாயின் பேசலாம், பேசியபின் ஒவ்வொரு கோதையும் விளக்குப் பிடித்துப் பார்க்கவேண்டும்.

அந்தச் சலுகையைப் பயன்படுத்தாத ஒரே மனிதர் செபஸ்தியாம்பிள்ளை. அவருடைய வீட்டிலேதான் எல்லாரிலும் பெரிய நோய் இருந்தது. றோசலினின் தங்கை செல்வமலர் வன்னியில் மணம் முடித்தவர். தாய் இறந்தபின் றோசலின் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. 2009ஆம் ஆண்டு தை மாதம் அவருடைய தொலைபேசி நின்றுபோன நாளிலிருந்து றோசலினின் நெஞ்சு வெளியே கேட்கத் தொடங்கிற்று. முதலில் அறைக்குள் கேட்டது. மாசியில் மாடிப்படியில் கேட்டது. பங்குனியில் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றவர்கள் தலை திருப்பிப் பார்த்தார்கள். கீழ்வீட்டார் முறையிட்டபோது, குடியிருப்பு நிருவாகம் சலவை இயந்திரத்தை ஒன்பது மணிக்குப் பின் இயக்கவேண்டாமென்று கடிதம் அனுப்பியது. விடயத்தை அறிந்த பின்பு, மன்னிப்புக் கேட்டு ஒரு பூச்சாடி அனுப்பியது. மருத்துவமனையில் எண்ணினார்கள்: நிமிடத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு. கடதாசியில் பதிந்த கோட்டைப் பார்த்த மருத்துவர், ஒரே நெஞ்சு இரண்டு நெஞ்சுகளின் வேலையைச் செய்கிறது என்றார். இது நெடுநாள் தாங்காது என்றும் சொன்னார். தந்தைக்கு அதை மொழிபெயர்த்த மகள் ஷர்மினி, கடைசி வாக்கியத்தை மட்டும் டெனிஷ் மொழியிலேயே விட்டுவிட்டாள். அவருக்கு அது விளங்கிற்று.

சபாரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. மே மாதம் ஒன்பதாம் திகதி மேசையில் இருக்கையில், "அண்ணை, நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுறன். றோசலின் அக்காவின்ரை நெஞ்சு" என்று மருந்துத் தட்டின் மேல் வாயைத் திறந்தார். அவ்வளவுதான். செபஸ்தியாம்பிள்ளை தட்டை ஓங்கித் தட்டிவிட்டார். மருந்து முழுவதும் தரையில் கொட்டிற்று. "வாய மூடு! அவள்ட பேர இதுக்குள்ள போடாத!" என்ற அவருடைய குரலைச் சுடுபாதையில் காது மூடி அணிந்து நின்றவர்களும் கேட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் உரத்துப் பேசியது அன்றுதான். பிரேபன் ஈரத்துணியும் மரக் கரண்டியும் கொண்டுவந்து மருந்தை அள்ளினார். சபாரத்தினம் கோப்பி குடிக்காமல் வீடு திரும்பினார்.

காரணம் றோசலினிடம் இருந்தது. மணல் மேட்டுச் செய்தியை முன்பே அறிந்திருந்த அவர், தமது நெஞ்சு வெளியே கேட்கத் தொடங்கிய நாளிலேயே கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "இது நோயில்ல. அது செல்வத்துட நெஞ்சி. அவளுக்கு அங்க ஓடவும் ஒளிக்கவுமே நேரம் சரி, அடிக்கிறத்துக்கு நேரமில்ல. அதான் நான் அடிக்கிறன். நீங்க மணலுக்குள்ள சுட்டுப் போட்டீங்கெண்டா, அவள் அங்கின செத்துப்போவாள்." மணலுக்குள் போன எதுவும் திரும்பி வந்ததில்லை என்பதைச் செபஸ்தியாம்பிள்ளையும் அறிவார். சொன்னால் மைத்துனி, சொல்லாவிட்டால் மனைவி. அதனால்தான் அவர் வாய் மூடி மருந்து அளந்தார்.

மே பதினைந்தாம் திகதி வெள்ளிக்கிழமை மருத்துவர் நாட்களைக் கைவிரல்களால் காட்டினார். ஒரு கையே போதுமாக இருந்தது. பேருந்தில் வருகையில் றோசலின் நெடுநேரம் யோசித்தார். தமது நெஞ்சு நின்றால் இரண்டும் நிற்கும் என்ற கணக்கு அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே, "நாளைக்கு நானும் வாறன். ஆனா கதைக்கிறது நான். நீங்க ஒரு சொல்லும் சொல்லப்படாது" என்றார்.

மறுநாள் காலை, அவர் வருவதைச் சங்கத்தார் கண்டதற்கு முன் கேட்டார்கள். பிரேபன் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டு, அனுமதி இல்லாதவர்கள் மேசையில் வேலை செய்வதற்கான பதிவேட்டில் கையொப்பமும் வாங்கினார். ஒழுங்கை ஒழுங்காகவே செய்பவர் அவர். ஒரு வாரம் பேசாதிருந்த சபாரத்தினம், தமது கோதுகளுள் ஒருமுறை மட்டும் சுட்ட ஒன்றைத் தேர்ந்து, துணியால் துடைத்து, றோசலினின் கையில் வைத்தார். "இது நல்ல கோது, அக்கா. வாய் சுத்தம். என்ரை வாயைப் போலை இல்லை." றோசலின் நான்கு மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். பிறகு மருந்தை அளந்து, கோதின் மேல் குனிந்து, இடுப்பிலிருக்கும் பிள்ளையோடு பேசுவதுபோலப் பேசினார்.

"செல்வம், ஒன்னத் தூக்கிக்கொண்டு நிக்க எனக்கு ஏலாமக் கிடக்கு. ஒன்ன இறக்கிவிடப் போறன். விழுத்தமாட்டன், கேக்குதா? மணலுக்குப் போகாத. எங்களுக்கும் மணலுக்கும் நடுவில நில்லு. எல்லாரும் பாக்கிற இடத்தில நில்லு."

விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். மருந்து ஒருமுறை மட்டுமே விழுந்திருந்தது. சன்னத்தை இருத்தி, செபஸ்தியாம்பிள்ளை அந்த ஒற்றை ரவையைத் தமது றிவோல்வரில் இட்டார். மூன்றாம் பாதையில் நின்றார். பின்னால், வெள்ளைக் கோட்டுக்கு அப்பால், மனைவியின் இரட்டைத் துடிப்பு கூரைத் தகரத்தை அதிரவைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பத்துக்கு எட்டுக்குக் கீழே புள்ளி எடுத்திராத அவர், அன்று துப்பாக்கியை இருமுறை உயர்த்தி இருமுறையும் தாழ்த்தினார். ஷர்மினி அருகில் வந்து, "ரோலி, ஃபார்" என்றாள். அமைதி, அப்பா என்பது பொருள். அவர் விசையை அழுத்தினார். வெடிச் சத்தம் கேட்கவில்லை. நன்றாக எண்ணெயிட்ட கதவொன்று சாத்தப்பட்டதைப் போன்ற ஓசை மட்டும் கேட்டது. அதன் பிறகு றோசலினின் நெஞ்சு கேட்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளை துப்பாக்கியை விதிப்படி வெறுமையாக்கி, மேசையில் வைத்து, அதன் பின்பே திரும்பிப் பார்த்தார். றோசலின் நின்றுகொண்டிருந்தார். தமது நாடியைத் தாமே பிடித்திருந்தார். "எனக்கு ஒண்டுதான் அடிக்குது" என்றார். எல்லாரும் காது மூடியைக் கழற்றினார்கள். மற்றது, பதினொரு மீற்றருக்கு அப்பால், காற்றில் நின்று துடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அது நாற்பதாகக் குறைந்தது. சங்கம் மூடியிருக்கும் நாளாயினும் பிரேபன் ஒரு மடக்குக் கதிரையும் கோப்பிக் குடுவையும் கொண்டுபோய் அதன் அருகில் இருந்து, மணிக்கொரு தடவை எண்ணி, றோசலினுக்குத் தொலைபேசியில் சொன்னார். முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. நாற்பத்தொன்று. திங்கட்கிழமை, போர் முடிந்ததென்று செய்திகள் சொல்லிக்கொண்டிருக்கையில், அது ஐம்பத்தாறில் நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. அன்று அங்கே வந்தவர்களுள் எண்ணிப் பார்க்க ஒரு சன்னமும் கிடைக்காதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் மூன்றாம் பாதையின் கோட்டில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் பிரேபன் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

ஆடி மாதம், செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து எவரோ ஒருவருடைய தொலைபேசியில் செல்வமலர் மூன்று நிமிடம் பேசினார். கணவர் இல்லை, தாம் இருப்பதாகச் சொன்னார். மே பதினாறாம் திகதி பிற்பகல், பதுங்குகுழிக்குள் கிடக்கையில், எவரோ தம்மை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டதைப் போல் இருந்ததென்றும், அதன் பின் தமது கால்களால் நடந்ததாகவும் சொன்னார். 2014ஆம் ஆண்டு அவர் டென்மார்க்கிற்கு வந்து மூன்று மாதம் தங்கினார். சங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். சன்னத்தின் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, இவ்வளவு சின்னனா இது? இதுக்கா அவ்வளவு சத்தம்?"

எடுத்துக்கொண்டு போகிறாயா என்று றோசலின் கேட்டார். செல்வமலர் கையை மடக்கிக்கொண்டார். "நிக்கட்டும். இஞ்ச பாதுகாப்பா இரிக்கி."

அவர் இப்போது மட்டக்களப்பில் தோட்டம் செய்கிறார். மூன்றாம் பாதை, சங்கத்தின் பதிவேட்டில், பயன்பாட்டில் உள்ளது என்று எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேர்வோருக்கு, மூச்சை அதன் துடிப்போடு ஒத்து விட்டால் கை நடுங்காது என்று இரண்டாம் பாதையில் கற்பிக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே பதினாறாம் திகதி றோசலின் தாமே பொரித்த பற்றிஸ் இரண்டு பெட்டி கொண்டுவந்து கொடுக்கிறார். தவமலரின் முழங்கால் இன்னும் நன்றாக இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை துடிப்பு திடீரென்று நூற்று முப்பதுக்கு ஏறிற்று. எண்பது வயதைத் தாண்டிய பிரேபன் ஓடிப்போய் றோசலினை அழைத்தார். றோசலின் மட்டக்களப்புக்குத் தொலைபேசி எடுத்தார். பயற்றங்கொடிக்குள் புகுந்த அயல்வீட்டு மாட்டைச் செல்வமலர் விரட்டிக்கொண்டிருந்தார். பிரேபன் அதையும் பதிவேட்டில் எழுதினார்: மாடு, பதினொன்று நாற்பது. பிறகு மென்தூரிகையால் சன்னத்தின் தூசைத் தட்டி, விளக்கை அணைக்கும்போது, புறப்படும் எவருக்கும் டெனிஷ்காரர் சொல்வதுபோல, இன்றைய நாளுக்கு நன்றி என்று அதற்கும் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.