பொட்டு வைத்த பலகை

ஆயுத பூசை விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை காலை விழுப்புரத்து மென்பொருள் அலுவலகத்திற்குள் நுழைந்த தமிழ்மொழி, சுவரில் இருந்த வேலைப் பலகையைக் கண்டதும் நின்றுவிட்டாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை எனப் பலகையில் மூன்று கட்டங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. வேலை நகர்ந்தால் சீட்டும் நகரும். விடுமுறைக்கு முன் ஒரே ஒரு சீட்டுதான் முடிந்தவற்றில் இருந்தது. இன்றோ எல்லாச் சீட்டுகளும் அந்தக் கட்டத்தில், சந்தனமும் குங்குமமும் அணிந்து வீற்றிருந்தன.

"ஒத்தச் சீட்டு இருக்குற கட்டத்துக்குப் பூஜை போட்டா நல்லாவாம்மா இருக்கும்? நெறைவா இருக்கட்டும்னு நான்தான் ஒட்டினேன்" என்றார் மேலாளர் இளவழகன். அதைப் படம் பிடித்துக் காசியம்மாளுக்கு வாழ்த்தோடு அனுப்பியதையும் பெருமையாகச் சொன்னார்.

காசியம்மாள், கிளியனூர்ப் பக்கத்து உழவர்கள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தின் தலைவி. திண்டிவனத்தில் உள்ள அவர்களுடைய கொள்முதல் களத்திற்கு நிலக்கடலை, அவர்கள் பேச்சில் மல்லாட்டை, ஒரே நேரத்தில் வந்து குவிவதும், வண்டிகள் மழையில் நிற்பதும், மூட்டைகள் நனைவதும் ஆண்டுதோறும் நடப்பவை. அதற்காகத்தான் அவர் ஒரு செயலி கேட்டிருந்தார். படத்தைப் பார்த்தவர் வேலை முடிந்ததென்றே நம்பி, திங்கள் முதல் பதிவு, தரம், விலை எல்லாம் கைப்பேசியில்தான் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டார். வானமோ இருண்டு கிடந்தது.

மென்பொருள் செய்வதற்கான அஜைல் என்னும் முறையில் தமிழ்மொழிக்கு விளங்கிய சாரம் எளியது. சிறிது செய், செய்ததைப் பயன்படுத்துவோர் கையில் கொடு, அவர் சொல்வதைக் கேட்டு மாற்று. வண்டிக்கு நேரம் ஒதுக்கும் பகுதி முடிந்த நாள் முதல், அதைக் களத்திற்குக் கொண்டுபோகலாம் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அரைகுறையைக் காட்டக்கூடாது, மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தித்தான் திறக்க வேண்டும் என்று இளவழகன் மறுத்துக்கொண்டே இருந்தார். சென்னையில் அதே முறையில் பயிற்சி பெற்றுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருந்த மனிதர் அவர். காலைதோறும் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துத் தாம் மட்டும் சுழல் நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்பார். பேச்சு விரைவில் முடியத்தான் நின்றுகொண்டு பேசுவது. அங்கோ அவருடைய தேநீர் ஆறிய பிறகே பேச்சு முடியும்.

உண்மையைக் காசியம்மாளிடம் சொல்லிவிடுங்கள் என்றாள் தமிழ்மொழி. சனி, ஞாயிறு இருந்து முடித்துவிடலாம், கிளையண்ட்டிடம் தாம் மட்டுமே பேசுவது என்று அவர் கையசைத்தார். அவருக்கு எதிரிலேயே அவள் கைப்பேசியை எடுத்துக் காசியம்மாளை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

எல்லாவற்றையும் காசியம்மாள் கேட்டு முடித்தார்.

"மல்லாட்டைக்குப் பொட்டு வெச்சா அது தானா காஞ்சிடுமா? இன்னா முடிஞ்சிருக்குது, அத்த மட்டும் சொல்லு."

"எந்த நேரத்துக்கு வண்டி வரணும்னு சொல்றது வேலை செய்யுதுங்க. மத்தது இல்லீங்க."

"வண்டி மழையில நிக்கக்கூடாதுன்னுதான நான் கேட்டேன்? அது போதும். இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சார்கிட்ட சொல்லிக்கினேதாங்க இருந்தேன்."

"சார்கிட்ட சொன்ன. என் நம்பரு உங்கிட்டயும் இருந்துச்சில்ல?"

"இருந்துச்சுங்க."

"ஜல்தி கெளம்பி வா. மிச்சத்தக் களத்துல நின்னு பேசிக்கலாம்."

அவள் பலகையை நெருங்கிச் சீட்டுகளைப் பிய்த்துப் பழைய கட்டங்களில் ஒட்டத் தொடங்கினாள். காய்ந்த சந்தனம் தரையில் உதிர்ந்தது. பூசை போட்டதைக் கலைக்கிறாயே என்று இளவழகன் எழுந்தார். அந்த நாற்காலியிலிருந்து காலை வேளையில் அவர் எழுந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். இப்படியே போனால் திரும்பி வர வேண்டாம் என்றார்.

"போறேன் சார். யாராவது கேட்டா, களத்துல இருக்கேன்னு சொல்லுங்க."

திண்டிவனம் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். கோபம் தணியவில்லை, பாதி அவள் மேலேயே திரும்பியிருந்தது. வந்துகொண்டிருப்பதாகக் காசியம்மாளுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: செயலியைப் பார்க்க முதல் வண்டிக்காரர் களத்திற்கு வந்துவிட்டார், எழுத்து சிறிதாக இருந்தால் அவருக்குத் தெரியாது, பெரிதாக்கி எடுத்து வா.

கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. அவள் எழுத்தைப் பெரிதாக்கத் தொடங்கினாள்.