ஊசி வாங்க உள்ளே ஓர் ஆள்

லூக்காஸ் தன் வீட்டில் நாலு வார்த்தை பேசினால் அது பெரிய சங்கதி. அப்படிப்பட்டவன் பரிமளம் வீட்டுக் கூரையில் ஏறிவிட்டால் மட்டும் பொழுது சாயும்வரை பேசுகிறானாம். பக்கத்து வீட்டு இராக்கம்மா இதை வந்து சொன்னபோது, அவன் மனைவி நேசராணிக்கு வயிறு பற்றி எரிந்தது.

கார்த்திகைச் சூறைக்காற்று பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தின் கூரைகளைப் பிய்த்துப் போட்டிருந்தது. தோட்டத்துத் துரை கைவிரித்துவிட்டார். பதுளையிலிருந்து வந்த பங்குச் சாமியார், வேதக்காரர் வீடு, சைவக்காரர் வீடு என்று பாராமல் எல்லாக் கூரையையும் நாமே வேய்ந்து கொடுப்போம் என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சபையார் கூரை வேயும் மானாப்புல் கட்டுகளோடு கிளம்பிவிடுவார்கள். புண்ணிய காரியம்தான். அந்தப் புண்ணியத்தைப் புருஷனை இழந்த பரிமளத்தின் வீட்டில்தான் தேட வேண்டுமா?

கூரை வேய இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவர் புல்லைப் பரப்பி, கயிறு கோத்த மூங்கில் ஊசியை உள்ளே குத்துவார். வீட்டுக்குள் பலகைமேல் நிற்பவர் அதை வாங்கி, கூரைக் கம்பைச் சுற்றி மறுபடி மேலே குத்தி அனுப்புவார். எந்த வீட்டுக் கூரையோ, அந்த வீட்டு ஆள்தான் உள்ளே நிற்பது வழக்கம். தூசி கொட்டுமென்று வாயில் துணி கட்டியிருப்பதால், உள்ளே இருப்பவரிடமிருந்து "ம்" மட்டுமே வரும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

இது போதாதா நேசராணிக்கு? கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அடுத்த ஞாயிறு அவளும் கூடவே போனாள். எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பரிமளத்தைத் தனியே இழுத்தாள்.

"ஒம் புள்ள ஓடைப் பக்கம் போவுது. ஓடிப்போய்ப் பாரு!"

காலைப் பூசையில் நன்மை வாங்கிய வாய் கூசாமல் பொய் சொன்னது. பரிமளம் பதறி ஓடினாள். நேசராணி வாயில் துணியைக் கட்டிக்கொண்டு பலகைமேல் ஏறினாள்.

ஊசி இறங்கியது. வாங்கித் திருப்பிக் குத்தினாள்.

"தங்கச்சி, இருக்கியா?"

"ம்."

தங்கச்சியாம்! அதைக் கேட்டும் அவள் மனசு ஆறவில்லை. முறை சொல்லிக் கூப்பிட்டுக் கெட்ட கதை இந்தத் தோட்டத்தில் கொஞ்சமா?

"போன வாரம் விட்ட எடத்துல இருந்து சொல்றேன். எங்க செசிலி காய்ச்சல்ல போன மறுநாளே நான் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிட்டேன்னு எம் பொண்டாட்டிக்கு இன்னும் கோவம். கல்லு மனசுன்னு நெனைக்கிறா. பெரட்டுல பேர் குடுத்ததோட சரி, நான் வேலைக்குப் போகல தங்கச்சி. புள்ளையப் பொதைச்ச எடத்துலேயே கெடந்தேன். அவளோட சட்டை ஒண்ண மடியில வச்சிருந்தேன். அத மோந்துக்கிட்டே அழுதேன். வீட்ல அழுதா அவ ஒடைஞ்சு போயிருவா."

நேசராணியின் கை நின்றது. அந்தச் சட்டையைத்தான் அவள் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

இதுவரை வந்தது பொறாமையே இல்லை, இப்போது வந்ததுதான் பொறாமை. சிரிப்பைக் கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் திருப்பி வாங்கியிருப்பாள். இவன் அழுகையை அல்லவா கொண்டுபோய் இன்னொருத்தியிடம் கொடுத்திருக்கிறான்! செசிலி இவள் பெற்ற பிள்ளை. அந்த அழுகையில் பாதி இவளுக்கல்லவா சேர வேண்டும்?

"ஊசிய அனுப்பு தங்கச்சி."

அவள் வாய்த்துணியை அவிழ்த்தாள்.

"அந்தச் சட்டை இப்ப எங்கங்க?"

மேலே புல் சரசரத்தது.

"நேசராணியா?"

"நான்தான்."

புல் மூடாத இடுக்கு வழியே ஒரு கை உள்ளே இறங்கியது. அதில், இன்னும் அவன் மடியிலேயே வைத்திருந்த சாயம் போன சின்னச் சட்டை இருந்தது. அவள் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"இத அவ பாத்திருக்காளா?"

"இல்ல புள்ள. யாரும் பாத்ததில்ல."

"அப்பச் சரி," என்று மூக்கைச் சிந்திவிட்டு ஊசியை மேலே குத்தினாள். "அவகிட்டச் சொன்னதெல்லாம் மொதல்ல இருந்து எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடக் கூடாது."